பெயர் பெற்ற சிறுதவளை

நாஞ்சில் நாட்டில் பூதப்பாண்டி என்னும் பழம்பெரும் ஊர் ஒன்று உண்டு. அதன் அருகே தாடகை மலை நிமிர்ந்து நிற்கும். பழையாறு பாய்ந்து வயல்களை வளப்படுத்தும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டினாலும் பயன்பெறும் நிலம் அது. மழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுதில் அவ்வூர் வயல்வரப்பில் நிற்பவர் செவியில் முதலில் விழுவது தவளைகளின் ஒலியே ஆகும். குளக்கரையிலிருந்து ஒன்று தொடங்கும். நாற்றங்காலிலிருந்து மற்றொன்று விடை கொடுக்கும். சிறிது நேரத்திற்குள் வயல்வெளி முழுவதும் ஒரே ஆரவாரமாகிவிடும். 'தவளை கத்தினால் மழை' என்பது நாட்டு வழக்கு. ஆதலின் உழவர் அவ்வொலியைக் கேட்டு மகிழ்வர்.

எனினும், அவ்வாரவாரத்துள் எத்தனை வகைத் தவளைகளின் குரல்கள் கலந்துள்ளன என்று வினவினால், விடை கூற வல்லவர் மிகச் சிலரே. பெரும்பாலோர்க்குத் தவளை என்பது ஒரே பெயர். தேரை என்பது மற்றொரு பெயர். அவ்விரு பெயர்களுக்குள் அடங்காத உயிர்கள் எத்தனையோ உள. அவற்றுள் சில, அறிஞர்களின் ஏடுகளிலும் பெயர் பெறாமல் நெடுங்காலம் வாழ்ந்து வந்தன. அத்தகைய சிறுதவளை ஒன்று பெயர் பெற்ற வரலாறு அறியத்தக்கது.

பூதப்பாண்டிக்கு வடக்கே எழும் மலைகள், மகேந்திரகிரி, களக்காடு, முண்டந்துறை எனத் தொடர்ந்து சென்று அகத்திய மலையோடு சேர்கின்றன. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி ஆகிய அணைகளின் வழியாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வந்துசேரும் நீர், இம்மலைக் காடுகளில் பொழிந்த மழையே ஆகும். இம்மலைத்தொடரில், திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த காக்காச்சி என்னும் இடம் மழை மிகுந்த காட்டுப்பகுதி. அங்கே வானளாவிய மரங்களின் அடியில் உதிர்ந்த இலைகள் ஆண்டு முழுவதும் ஈரம் புலராமல் கிடக்கும். அவ்விலைக்குவியலின் கீழ் ஒரு சிறுதவளை வாழ்கின்றது. ஒருவருடைய கட்டைவிரல் நகத்தின்மேல் அஃது எளிதில் அமர்ந்துவிடும். அதனினும் சிறிய நெல்மணிகளைத் தினமும் கையாளும் மக்கள் இம்மலையடிவாரத்தில் பன்னூறு ஆண்டுகளாக வாழ்கின்றனர். ஆயினும் 2017-ஆம் ஆண்டு வரையில் இத்தவளைக்கு அறிவியலில் ஒரு பெயர் இருந்ததில்லை.

இத்தவளை சேர்ந்துள்ள பேரினத்திற்கு நிக்டிபெட்ராக்கஸ் என்று பெயர். கிரேக்க மொழிச் சொற்களால் அமைந்த இப்பெயருக்கு 'இரவுத் தவளை' என்பது பொருள். இவ்வினத்துத் தவளைகள் பெரும்பாலும் இரவிலேயே வெளிப்படுவன. இவற்றின் தோல் சுருக்கங்கள் உடையது. கண்மணி சாய்சதுர வடிவினது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இவை காணப்படுவதில்லை. ஏறத்தாழ ஏழு அல்லது எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இவற்றின் மரபு இந்திய நிலப்பரப்பில் கிளைத்தது என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அந்நாளில் இந்தியா ஆசியாக் கண்டத்தோடு இணையவில்லை, இமயமலையும் தோன்றவில்லை. அத்துணைப் பழைமையான குடியின் வழித்தோன்றல்களே இவ்விரவுத் தவளைகள்.

இப்பேரினத்தை 1882-ஆம் ஆண்டில் வரையறுத்தவர் இலண்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பூலஞ்சர் என்னும் விலங்கியல் அறிஞர். அவர் இம்மலைகளைக் கண்டவரல்லர். சென்னை மாகாணத்துக் காடுகளின் தலைமைப் பாதுகாவலராக விளங்கிய பெட்டோம் போன்றோர் சேகரித்து அனுப்பிய உடல்களைக் கண்ணாடிக் குடுவைகளில் வைத்து ஆராய்ந்தே அவர் எழுதினார். குடுவையில் உள்ள தவளையின் கால்விரலை எண்ணலாம்; தலையின் அகலத்தை அளக்கலாம். ஆனால் அதன் நிறம் நாளடைவில் மங்கிப்போகும். அது எந்த ஓடையில் இருந்தது, எந்த இலையின் கீழ் ஒளிந்தது என்பது விளங்காது. எல்லாவற்றிற்கும் மேலாக, குடுவைத் தவளைக்குக் குரல் இல்லை. எனவே பழைய நூல்களின் விளக்கங்கள் சில, பல வகைகளுக்கும் பொருந்துமாறு சுருக்கமாக அமைந்துவிட்டன.

இந்திய அறிஞர்களும் இத்துறையில் பின்தங்கவில்லை. பெங்களூரில் உள்ள மத்தியக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சி. ஆர். நாராயண ராவ், 1937-ஆம் ஆண்டில் தென்னிந்தியத் தவளை வகைகள் பலவற்றைப் புதியனவாக விளக்கி எழுதினார். ஆயினும் அவர் சேகரித்து வைத்திருந்த மூலமாதிரிகள் பிற்காலத்தில் காணாமற்போயின. மூலமாதிரி என்பது, ஒரு புதிய வகைக்குப் பெயரிடும்போது அப்பெயருக்குச் சான்றாகப் போற்றிவைக்கப்படும் உடலாகும். அது தொலைந்தால், பிற்காலத்தவர் தம் கையில் உள்ள தவளை முன்னோர் கூறிய தவளைதானா என்று ஒப்பிட்டு உறுதிசெய்ய இயலாது. ராவ் கண்ட வகைகளை மீண்டும் அடையாளம் காணப் பின்வந்தோர் பெரிதும் உழைக்க வேண்டியதாயிற்று. அவருடைய உழைப்பை மதித்து, 2010-ஆம் ஆண்டில் புதர்த் தவளைகளின் பேரினம் ஒன்றுக்கு அவர் பெயரையும் சேர்த்து 'ராவ்ஆர்க்கெஸ்டிஸ்' என்று பெயர் சூட்டினர்.

இவ்வாறு தடைகள் பல இருந்தும் தேடல் நிற்கவில்லை. டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். டி. பிஜு என்பார் கேரளத்தில் பிறந்தவர். முதலில் தாவரவியல் பயின்று, பின்னர்த் தவளைகளின்பால் உள்ளம் ஈர்க்கப்பட்டவர். அவரும் அவருடைய மாணவியரான சோனாலி கார்க்கும், துணைவர் சிலரும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஐந்து ஆண்டுகள் இரவுத் தவளைகளைத் தேடி ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் பயனாக ஏழு புதிய வகைகள் 2017-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டன. அதுகாறும் இருபத்தெட்டாக இருந்த இரவுத் தவளை வகைகளின் தொகை முப்பத்தைந்தாக உயர்ந்தது. புதிய ஏழனுள் நான்கு வகைகள் மிகச் சிறியன. அவற்றின் உடல் நீளம் 12.2 மில்லிமீட்டர் முதல் 15.4 மில்லிமீட்டர் வரையில்தான். காக்காச்சித் தவளை அந்நான்கனுள் ஒன்று.

இத்துணைக் காலம் இவை கண்ணுக்குப் புலப்படாமற் போனது எவ்வாறு? இவை அரியன என்பதனால் அன்று. தாம் வாழும் இடத்தில் இவை மிகுதியாகவே உள்ளன. காரணங்கள் மூன்று. முதலாவது, இவற்றின் சிற்றுருவம். இரண்டாவது, இவற்றின் உறைவிடம். இரவுத் தவளைகள் பெரும்பாலும் ஓடைகளில் வாழ்வன என்பதனால் தேடியவர்கள் ஓடைகளிலேயே தேடினர். இச்சிறியனவோ ஓடையை விட்டு விலகி, ஈர இலைக்குவியலின் கீழும் சதுப்புப் புல்லின் அடியிலும் தரையோடு தரையாக மறைந்து வாழ்ந்தன. மூன்றாவது, இவற்றின் குரல். தவளையின் குரல் என்று எவரும் எண்ணாதவாறு அது பூச்சிகளின் ஒலியை ஒத்திருந்தது. காட்டில் இரவு முழுவதும் சில்வண்டுகள் ஒலிக்கும்போது, அவ்வொலிகளுக்கு இடையே ஒரு தவளையும் பாடுகின்றது என்று யார் நினைப்பார்?

புதிய உயிர் ஒன்றைக் கண்டதும் அதற்குப் பெயர் சூட்டிவிட முடியாது. அது முன்னரே அறியப்பட்ட ஒன்றன்று என்று ஐயமற நிறுவுதல் வேண்டும். சிறுதவளையைக் கண்டவர்க்கு எழும் முதல் ஐயம், அது பெரிய வகை ஒன்றின் குஞ்சாக இருக்கலாமோ என்பதே. இரவுத் தவளைகளுள் ஏழெட்டுச் சென்டிமீட்டர் வளர்வனவும் உண்டு. அவற்றின் இளமைப் பருவத்தைக் கண்டு புதிய இனம் என்று மயங்குதல் எளிது. ஆகவே, பிடிபட்டது வளர்ச்சி முற்றிய உயிரே என்பதற்குச் சான்று தேவை. பெண் தவளையின் வயிற்றில் முதிர்ந்த முட்டைகள் இருந்தால் அது ஒரு சான்று. ஆண் தவளை தன் இணையை அழைத்துக் குரல் கொடுத்தால் அது மற்றொரு சான்று. ஏனெனில் இளங்குஞ்சுகள் இணையை அழைத்துக் குரல் எழுப்புவதில்லை. 'தவளை தன் வாயால் கெடும்' என்பது பழமொழி. இச்சிறுதவளையோ தன் வாயால் வாழ்வு பெற்றது. பூச்சியின் குரல் போல் ஒலித்து நெடுநாள் அதனை மறைத்து வைத்த அக்குரலே, உற்றுக் கேட்டவர்க்கு அதன் முதிர்ச்சியையும் தனித்தன்மையையும் எடுத்துரைத்தது.

தவளைகளின் குரல் இனத்திற்கு இனம் வேறுபடும். பெண் தவளை தன் இனத்து ஆணை அக்குரலைக் கொண்டே அறிந்து நெருங்கும். ஆதலால் ஆராய்ச்சியாளர் இரவில் காட்டில் அமர்ந்து குரலை ஒலிப்பதிவு செய்கின்றனர். அவ்வேளையில் காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்வர். குளிரில் மெதுவாகவும் வெப்பத்தில் விரைவாகவும் குரல் எழும்பும் இயல்பு தவளைகளுக்கு உண்டு. அதனைக் கணக்கிடாமல் இரு குரல்களை ஒப்பிட்டால் பிழை நேரும். பின்னர் அவ்வொலியை வரைபடமாக்கி, ஒரு நொடியில் எத்தனை துடிப்புகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடிக்கின்றது என்று அளந்து காண்பர்.

அடுத்து உடலமைப்பை ஆராய்வர். மூக்கு நுனியிலிருந்து உடலின் பின்முனை வரையில் உள்ள நீளம், தலையின் அகலம், கண்ணின் விட்டம், தொடையின் நீளம், விரல்நுனியின் பருமை, விரல்களுக்கு இடையே உள்ள சவ்வின் அளவு ஆகியவற்றை நுண்ணிய அளவுகோல் கொண்டு பதிவு செய்வர். நகத்தளவே உள்ள உடலில் இத்தனை அளவுகளையும் எடுப்பதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் நடுங்காத கையும் தேவை. அளந்தவற்றை, உலகின் அருங்காட்சியகங்களில் உள்ள மூலமாதிரிகளோடு ஒப்பிடுவர். நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளையும் விடாமல் படிப்பர். முன்னரே ஒருவர் பெயரிட்டிருந்தால் அந்தப் பழைய பெயரே நிலைக்கும் என்பது விலங்கியலில் நெடுங்கால விதி.

மூன்றாவதாக மரபணுவை ஆராய்வர். தவளையின் தசையில் ஒரு சிறு துணுக்கை எடுத்துச் சாராயத்தில் பாதுகாத்து, ஆய்வுக்கூடத்தில் அதன் மரபணு எழுத்துகளைப் படித்து, உறவுடைய வகைகளோடு ஒப்பிடுவர். உருவத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரு தவளைகள் மரபால் மிக விலகியிருத்தலும் உண்டு. நிறத்தால் வேறுபட்டுத் தோன்றும் இரண்டு ஒரே இனமாயிருத்தலும் உண்டு. உருவம், குரல், மரபணு ஆகிய மூன்று சான்றுகளும் ஒன்றையே கூறும்போது ஐயம் நீங்குகின்றது. நீதிமன்றத்தில் தனித்தனியே வினவப்பட்ட சாட்சிகள் மூவரும் ஒரே செய்தியைச் சொல்வதற்கு இஃது ஒப்பாகும்.

இப்பணிக்காகச் சில தவளைகளின் உயிர் போகின்றது என்பதை மறைத்தல் ஆகாது. வனத்துறையின் இசைவு பெற்று, இன்றியமையாத அளவிற்கு மட்டுமே உயிர்களை எடுத்தல் முறையாகும். எடுத்தவற்றுள் ஒன்றை மூலமாதிரியாகக் குறித்து, எண்ணிட்டு, பொது நிறுவனம் ஒன்றில் ஒப்படைப்பர். ராவ் சேகரித்தவை தொலைந்த வரலாறு, இவ்விதியின் அருமையை உணர்த்துகின்றது. ஓர் உயிரை எடுத்த பின்னர் அதனைப் பேணாது விடுதல் இரட்டை இழப்பாகும்.

எல்லாம் முடிந்தபின் பெயர் சூட்டப்படும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் விலங்குகள் அனைத்திற்கும் வகுத்த முறைப்படி, பேரினப் பெயர் ஒன்றும் சிற்றினப் பெயர் ஒன்றுமாக இரண்டு சொற்களால் அப்பெயர் அமையும். காக்காச்சித் தவளைக்கு நிக்டிபெட்ராக்கஸ் ராபின்மூரேய் என்று பெயர் வைத்தனர். அழிந்தனவோ என்று ஐயுறப்பட்ட தவளைகளை உலகின் பல நாடுகளிலும் மீண்டும் தேடும் முயற்சியை முன்னின்று நடத்திய ராபின் மூர் என்பவரைப் போற்றும் பெயர் அது. ஏழனுள் மற்றொரு சிறுதவளைக்குச் சபரிமலையின் பெயரே வாய்த்தது. ஆண்டுதோறும் பல இலட்சம் அடியவர் நடந்து செல்லும் அம்மலைப்பகுதியில், அவர்கள் காலடிக்கு அருகிலேயே பெயரற்று வாழ்ந்த உயிர் அது.

தவளைக்குப் பெயரிடுவதால் விளையும் பயன் யாது என்று சிலர் வினவக்கூடும். தவளைக்குத் தன் பெயர் தெரியாது. பெயரிட்டபின் அது முன்னினும் உரக்கப் பாடப்போவதும் இல்லை. பயன் மனிதருக்கே. பெயரற்ற உயிரைக் கணக்கெடுக்க இயலாது. கணக்கில் இல்லாததைக் காக்கச் சட்டம் இயற்ற இயலாது. ஒரு காட்டை வெட்டும்போது அங்கே என்ன அழிகின்றது என்று கூறவும் இயலாது. இலங்கையில் இதற்கு வருந்தத்தக்க சான்று உண்டு. அருங்காட்சியகங்களில் நெடுங்காலம் கிடந்த பழைய உடல்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் சில தனி வகைகள் என்பது புலனாயிற்று. 2007-ஆம் ஆண்டில் அவற்றுக்குப் பெயரிட்டனர். ஆனால் காடுகளில் தேடியும் அவ்வகைகள் கிடைக்கவில்லை. பெயர் வந்து சேர்வதற்கு முன்னரே உயிர் போய்விட்டது. அவற்றின் குரல் எத்தகையது என்பதை இனி எவரும் அறியார்.

உலகத்து நீர்நில வாழ்வனவற்றின் நிலைமை கவலைக்குரியது. 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வகைகள் அழியும் இடரில் உள்ளன. தவளை தன் தோலின் வழியாகவும் மூச்சு வாங்கும் உயிர். நீரில் நஞ்சு கலந்தாலும், காட்டின் நிழல் நீங்கி நிலம் வறண்டாலும் முதலில் துன்புறுவது அதுவே. இலைக்குவியலின் ஈரத்தையே நம்பி வாழும் சிறுதவளைக்கு அவ்வீரம் போனால் புகலிடம் வேறில்லை. புதிய இரவுத் தவளைகளுள் சில, காப்பகங்களின் எல்லைக்கு வெளியே தோட்டப் பகுதிகளில் வாழ்கின்றன என்பதும் கருதத்தக்கது.

இம்மலைகளில் ஆராய்ச்சி செய்தல் எளிதன்று. மழையும் அட்டையும் வழுக்குப் பாறையும் இருளும் ஒருங்கே எதிர்ப்படும். கோயம்புத்தூரில் உள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தில் பணியாற்றிய சு. பூபதி என்னும் அறிஞர், ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்வதில் தம் வாழ்வைச் செலவிட்டவர். 2014-ஆம் ஆண்டில் அகத்திய மலையில் களப்பணி செய்தபோது நேர்ந்த விபத்தில் அவர் உயிர் நீத்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் மண்ணுக்கு அடியில் வாழும் கூர்மூக்குத் தவளை ஒன்று புதிய வகை என உறுதியாயிற்று. அதன் உறவினமாகிய மேற்குச் சரிவுத் தவளை தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் மண்ணை விட்டு வெளிவந்து முட்டையிடும். இதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெளிவருவது. இவ்வேறுபாட்டோடு குரலும் மரபணுவும் வேறுபடுதலைக் கண்ட அறிஞர்கள், அதற்கு நாசிகாபெட்ராக்கஸ் பூபதி என்று பெயர் சூட்டினர். ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுள் கழிக்கும் அவ்வுயிர், மழை வரும்போதெல்லாம் அவர் பெயரோடு மேலெழுந்து வருகின்றது.

2006 முதல் 2015 வரையிலான பத்தாண்டுகளில் மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட புதிய நீர்நில வாழ்வன அறிவிக்கப்பட்டன. இன்னும் அறியப்படாதன உள்ளன என்பதில் ஐயமில்லை. அவற்றைக் கண்டறிதற்கு வேண்டும் முதற்கருவி உருப்பெருக்கியும் அன்று; மரபணு ஆய்வுக்கூடமும் அன்று. 'இது பூச்சியின் குரல்தான்' என்று முடிவுகட்டிவிடாமல், மீண்டும் ஒருமுறை செவி சாய்த்துக் கேட்கும் பொறுமையே அது.

பூதப்பாண்டியில் மழை ஓய்ந்த மாலையில் தவளைகள் இன்றும் பாடுகின்றன. வரப்பில் அமர்ந்து கண்களை மூடிக் கேட்கும் மாணவன் ஒருவன், ஆரவாரமாய்த் தோன்றிய ஒலியைச் சிறிது நேரத்தில் பிரித்தறியத் தொடங்குவான். ஒன்று நீர்க்கரையில் தாழ்ந்து ஒலிக்கும். ஒன்று புல்லின் அடியில் விட்டு விட்டுக் கூவும். இன்னொன்று சில்வண்டோ தவளையோ என்று ஐயம் தோன்றுமாறு மெல்ல இழையும். அந்த மூன்றாவது குரலுக்கு உரிய உயிர் எது என்று விளக்கேந்திப் பார்க்க அவன் எழுவானாயின், காக்காச்சியில் தேடியவர்களின் வழியில் அவனும் முதல் அடியை எடுத்து வைத்தவன் ஆவான்.